முப்பது கிலோவில் ரெண்டு கிலோ

நடுவர் அவர்களே, எதிரணியில் வரிசையாக உட்கார்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் மூவரே, என் அணி நண்பர்களே, பட்டுக்கோட்டைப் பெரியோர்களே, பந்தலுக்கு வெளியே பைக்கை விட்டு இறங்காமலே கேட்டுக்கொண்டிருக்கும் தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம்.

தலைப்பு இதுதான்: "காலத்துக்கும் நிலைக்கும் நட்பு சொந்த ஊரில் கிடைத்ததா, பிழைக்கப் போன நாட்டில் கிடைத்ததா?" நான் பிழைக்கப் போன நாட்டுக்காக நிற்கிறேன். 1999-ல் துபாய்க்கு விமானம் ஏறி 2016-ல் பெட்டி கட்டித் திரும்பிய ஏசி மெக்கானிக் நான். பதினேழு வருஷம். இந்த மேடையில் கல்லூரியில் பாடம் நடத்தாத ஆள் நான் ஒருவன்தான். அதனால் மேற்கோள் எதுவும் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். கம்ப்ரசர் ஏன் சூடாகிறது என்று கேட்டால் சொல்வேன்.

எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் அம்மா அருமையாகப் பேசினார். வள்ளுவரை முழுசாக அவர் எடுத்துக்கொண்டார், எனக்கு ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. சரி, போகட்டும். ஆனால் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் இழுத்தார் பாருங்கள், அங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். சோழன் இருந்தது உறையூரில். ஆந்தையார் இருந்த பிசிர், பாண்டிய நாடு. வேறு ராஜா, வேறு கொடி. அம்மா, நட்புக்கே உதாரணம் என்று நீங்கள் கொண்டுவந்து நிறுத்திய ஆள் எல்லை தாண்டி வந்தவர். எங்கள் கட்சிக்காரர்! விசா கேட்காத காலம், நடந்தே வந்து, பட்டினி கிடந்து உயிரை விட நண்பன் பக்கத்தில் வடக்கு நோக்கி உட்கார்ந்துவிட்டார்.

அம்மா ரெண்டு விஷயம் சொன்னார். ஒன்று, வெளிநாட்டு நட்பு மழைக்கு ஒதுங்கிய இடத்துப் பழக்கம், மழை விட்டால் ஆளுக்கொரு திசை. ரெண்டாவது, "எத்தனை நாடு சுற்றினாலும் கடைசியில் பாடை தூக்க ஊர்க்காரன்தான் வரவேண்டும்." அதற்கு நீங்கள் எல்லாம் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். அந்த ரெண்டாவதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்த மழைக்கு ஒதுங்கிய இடம் எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். துபாயில் தேரா பக்கம் நைஃப் என்று ஒரு பகுதி. அங்கே ஒரு பழைய கட்டடத்தில் மூன்றாவது மாடி, ஒரே ரூம், நாலு அடுக்குக் கட்டில், எட்டுப் பேர். 'பெட் ஸ்பேஸ்' என்பார்கள். உனக்கு வாடகைக்குக் கிடைப்பது ஆறடிக்கு ரெண்டரை அடி, அதற்கு மேலே ஒரு ஆணி. அந்த ஆணியில்தான் உன் சட்டை, உன் காலண்டர், உன் பிள்ளை போட்டோ எல்லாம். மூட்டைப்பூச்சி மட்டும் இலவசம்.

அங்கே யாருக்கும் பேர் கிடையாது. ஊர்தான் பேர். எனக்குக் கீழ் பெட்டில் ராம்நாடு அண்ணன், கட்டடக் கொத்தனார். எதிர் கட்டிலில் மலப்புரத்து இக்கா (கேரள முஸ்லிம்கள் அண்ணனை அப்படிக் கூப்பிடுவார்கள்), கஃப்டீரியாவில் டீ மாஸ்டர். பக்கத்து ரூமில் பெஷாவர் பாய், டாக்ஸி ஓட்டுகிறவர். என்னைப் 'பட்டுக்கோட்டை' என்று கூப்பிட்டார்கள். இக்காவுக்கு அது வாயில் நுழையாமல் 'கோட்டை' ஆகிவிட்டது. இன்றைக்கும் போனை எடுத்தால் "எந்தா கோட்டை" என்றுதான் ஆரம்பிப்பார்.

இந்த எட்டுப் பேரையும் யார் சேர்த்தது? எந்தக் கட்டில் காலியோ அந்தக் கட்டில் சேர்த்தது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் ஊரில் நட்பை யார் சேர்க்கிறார்கள்? தெரு சேர்க்கிறது. தெருவை யார் பிரித்து வைத்தது என்று உங்களுக்குத் தெரியும், நான் மேடையில் சொல்லி வம்பு வாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் ஒரே பெஞ்சில் என்னோடு உட்கார்ந்தவன் ஒருத்தன். அவன் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் நான் குடித்ததில்லை. குடிக்கக் கூடாது என்று யாரும் வாயால் சொன்னதுகூட இல்லை, அது தானாகவே தெரிந்திருந்தது. நைஃப் ரூமில் வெள்ளிக்கிழமை மதியம் பழைய பேப்பரை விரித்து நடுவில் ஒரு பெரிய தட்டு. நாலு கை ஒரே தட்டில். எவன் கை எந்தத் தெருக் கை என்று பார்க்க நேரமில்லை, கறித்துண்டு தீர்ந்துவிடும்! (அங்கேயும் இப்போது சாதிச் சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள் என்று கேள்வி. நான் இருந்த ரூமைப் பற்றித்தான் நான் பேச முடியும்.)

அடுத்தது மெஸ். முறை வைத்துச் சமையல். செவ்வாய்க்கிழமை என் முறை. முதல் வாரம் நான் வைத்த சாம்பாரை எட்டுப் பேரும் பேசாமல் சாப்பிட்டார்கள். கடைசியில் ராம்நாடு அண்ணன் மட்டும் கேட்டார்: "தம்பி, இதுல பருப்பு எங்க இருக்கு?" மறுவாரத்திலிருந்து என் முறைக்கு அவர் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார். வெயிலில் பத்து மணி நேரம் செங்கல் வைத்துவிட்டு வந்த மனுஷன். இப்போது அங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30-க்கு வெளிவேலையை நிறுத்தி 3 மணிக்குத்தான் தொடங்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நான் போன சமயம் அதெல்லாம் இல்லை. சட்டைக் காலரில் உப்புப் பூத்து வெள்ளையாக இருக்கும். அதோடு நின்று எனக்குப் பருப்பு வேகவைக்கச் சொல்லிக்கொடுத்தார்.

நான் வேலை பார்த்த கம்பெனி முதல் மூன்று மாசம் சம்பளம் கொடுக்கவில்லை. பாஸ்போர்ட்டும் அவர்கள் அலமாரியில். கையில் காசில்லை, வீட்டுக்குச் சொல்லவும் முடியாது. மெஸ்ஸுக்குத் தலைக்கு மாசம் நூறு திர்ஹாம் போல வரும். "சம்பளம் வந்ததும் தர்றேண்ணே" என்றேன். "ஆகட்டும் பார்ப்போம்" என்றார் அண்ணன். நாலாவது மாசம் சம்பளம் வந்து, கணக்குத் தீர்க்கலாம் என்று மெஸ் நோட்டைப் பிரித்தால், என் பேரில் பாக்கியே இல்லை. அவர் பேருக்கு நேராக மூன்று மாசமும் ரெண்டு பங்கு எழுதியிருந்தது. பணத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்டார், எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினார். எனக்கு அதுதான் பிடித்தது. "வேண்டாம்பா, வச்சுக்க" என்று சொல்லியிருந்தால் காலம் பூராவும் அவர் முன்னால் கூனியிருப்பேன்.

எதிரணி கேட்பார்கள்: "தேவைக்காக ஏற்பட்ட நட்புதானே?" ஆமாம். தேவைதான். அதில் என்ன குறை? ஊரில் எனக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா இருக்கிறாள், கடன் வேண்டுமென்றால் மாமன் இருக்கிறான், சண்டை வந்தால் பங்காளிகள் இருக்கிறார்கள். இத்தனை பேரும் போக மிச்சமிருக்கும் வேலைக்குத்தான் நண்பன். என்ன வேலை? டீ குடிப்பது, படத்துக்குப் போவது. அங்கே அம்மா வேலை, மாமன் வேலை, பங்காளி வேலை எல்லாவற்றையும் கீழ்ப் பெட்காரன் ஒருத்தனே பார்த்தாக வேண்டும். அத்தனை வேலையும் பார்த்தவனை எப்படி மறப்பது?

உடனே யாராவது எழுந்து, "வெளிநாட்டில் ஏமாற்றுகிறவனே கிடையாதா?" என்று கேட்கலாம். உண்டு. 2006-ல் ரூமில் ஒருத்தர் சீட்டுப் பிடித்தார். என் பங்கு ரெண்டாயிரம் திர்ஹாமோடு ஒரு நாள் ராத்திரி ஆளைக் காணோம். அவர் மலையாளியா? இல்லை. பாகிஸ்தானியா? இல்லை. பேராவூரணி. இங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம்! ஊர்க்காரன் என்றுதானே நம்பினேன், நடுவர் அவர்களே!

சிரிக்கிறீர்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் சித்தப்பா கதை ஒன்று. அவர் குவைத்தில் டிரைவர். 1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் படை உள்ளே வந்தது. ஒரே நாளில் வேலை போச்சு, பேங்கில் போட்ட பணம் போச்சு, குவைத் தினாருக்கே மதிப்பில்லை. பாஸ்ரா, பாக்தாத் வழியாகப் பஸ் பிடித்து ஜோர்டான் தலைநகர் அம்மான் வரைக்கும் போனார்கள். அங்கிருந்து ஏர் இந்தியா 59 நாளில் 488 தடவை விமானம் ஓட்டி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது. எண்ணிக்கை நன்றாகத்தான் இருக்கிறது. அதில் ஒரு சீட் கிடைக்கும் வரை பாலைவனத்துக் கூடாரத்தில் கிடந்த ராத்திரிகளைப் பற்றிச் சித்தப்பா ஒன்றுதான் சொல்வார்: ரெண்டு பேருக்கு ஒரு போர்வை. பாதிப் போர்வை அவருக்கு, பாதி திருச்சூர்க்காரர் ஒருத்தருக்கு. பகலில் கொதிக்கும், ராத்திரி குளிரும். தூக்கத்தில் யார் இழுத்தாலும் மற்றவனுக்கு இல்லாமல் போய்விடும் என்று ரெண்டு பேரும் ஓரத்தைக் காலடியில் செருகிக்கொண்டு படுப்பார்களாம். சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு அந்தத் திருச்சூர்க்காரர் என்ன மொய் கொண்டுவந்தார் தெரியுமா? ஒரு போர்வை. சபையில் எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பா எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார்.

பெஷாவர் பாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த ஊரிலேயே இருந்திருந்தால் அவர் நாட்டுக்காரர்களை நான் கிரிக்கெட்டில் மட்டும்தான் பார்த்திருப்பேன், அதுவும் திட்டிக்கொண்டே. என் மகன் பிறந்த செய்தி வந்த ராத்திரி, டெலிபோன் கார்டில் காசு தீர்ந்து பாதியில் லைன் போய்விட்டது. ரோட்டோரம் முழித்துக்கொண்டு நின்ற என்னை வண்டியில் ஏற்றி, நைஃப், சப்கா என்று திறந்திருக்கும் கடை தேடிச் சுற்றி, கார்டு வாங்கிக் கொடுத்தார். மீட்டர் போடவில்லை. அவர் ஊருக்கு நான் போக முடியாது, என் ஊருக்கு அவர் வர முடியாது. வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார். பாதி எனக்குப் புரியாத உருது. கடைசியில் மட்டும் என் மகனைப் பேர் சொல்லிக் கேட்பார். அவன் இப்போது இன்ஜினியரிங் படிக்கிறான்.

சிங்கப்பூரையும் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற கூட்டத்தையும் என் அணியில் அடுத்து வருகிறவர் பார்த்துக்கொள்வார். 2020-ல் கொரோனாவுக்காக அங்கே தொழிலாளர் விடுதிகளைப் பூட்டியபோது உள்ளே இருந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். அந்தப் பூட்டுக்குள்ளே யார் யாருக்கு ஆறுதல் என்று அவர் சொல்லட்டும். எனக்கு நேரமில்லை, நடுவர் மணியை எடுத்துவிட்டார்.

நான் தராசுக்கு வருகிறேன்.

எங்கள் ரூம் கதவுக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங் தராசு தொங்கும். கொக்கியில் பையை மாட்டினால் முள் இறங்குமே, அது. விமானத்தில் ஒரு ஆளுக்கு முப்பது கிலோ. லீவில் ஊருக்குப் போகிறவன் தன் முப்பது கிலோவில் ரூம்காரன் ஒவ்வொருவனுக்கும் ரெண்டு கிலோ விட்டுத்தர வேண்டும், அது எழுதாத சட்டம். ஏழு பேருக்குப் பதினாலு கிலோ போய்விட்டால் மிச்சம் பதினாறு. ரெண்டு வருஷம் கழித்து வீட்டுக்குப் போகிறவன், அந்தப் பதினாறுக்குள் பெண்டாட்டி, பிள்ளை, அம்மா, கட்டிக்கொடுத்த தங்கச்சி எல்லாரையும் அடக்க வேண்டும். தங்கச்சிக்கு ஒரு கிலோ பாதாம் வாங்கலாம் என்று நினைப்பான், தராசு முள் வேண்டாம் என்று சொல்லும். ஆனாலும் அடுத்தவன் ரெண்டு கிலோவில் எவனும் கை வைக்க மாட்டான்.

பார்சலைத் தபாலில் போட்டுவிடவும் கூடாது. கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். முப்பது நாள் லீவில் ஏழெட்டு நாள் பஸ்ஸிலேயே போய்விடும்.

2003-ல் ராம்நாடு அண்ணன் பார்சலைக் கொண்டுபோனேன். ராமநாதபுரம் போய், முதுகுளத்தூர் பஸ் பிடித்து, கருவேலங்காட்டுக்கு நடுவில் இறங்கி நடந்தால் அவர் வீடு. அம்மா மட்டும்தான் திண்ணையில். நான் யார் என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு செம்புத் தண்ணீரும் பாயும் வந்துவிட்டது. பார்சலை நீட்டினேன். உள்ளே என்ன, ஒரு டின் பால்பவுடர், டாங், கோடாலித் தைலம் ரெண்டு, ஒரு சால்வை. நீல நைலான் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார் அண்ணன். பிரித்துப் பாருங்கம்மா என்று என் பையிலிருந்த பிளேடை எடுத்தேன். அந்த அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். முடிச்சை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். "இது அவன் போட்ட முடிச்சுதான். மாடு கட்டறதுக்கு நாந்தான் சொல்லிக் கொடுத்தேன்" என்றாள். பிறகு நகத்தால் கிளறிக் கிளறி, ஒரு இடத்திலும் அறுக்காமல் அந்தக் கயிறு முழுசையும் அவிழ்த்தாள். பால்பவுடரை அப்புறம்தான் பார்த்தாள்.

"இளைச்சிட்டானா ராசா?" என்றாள்.

"இல்லம்மா, நல்லா இருக்காரு."

"வெயில்ல வேலையா?"

"ஏசிம்மா. எல்லாம் ஏசிக்குள்ளதான்."

ஏசிக்குள் வேலை பார்த்தது நான். அதனால் முழுப்பொய் இல்லை, ஆளை மட்டும் மாற்றிச் சொன்னேன். துபாய்க்குத் திரும்பி அண்ணனிடம் சொன்னபோது அவர் சிரித்தார். தன்னுடைய போன லீவில் இக்கா வீட்டில் அவரும் இதே பொய்யைத்தான் சொல்லிவிட்டு வந்திருந்தார். எட்டுப் பேரும் எட்டு வீட்டுக்கும் இப்படி மாறி மாறிப் பொய் சொல்லிக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம். ஊர் நண்பனுக்கு என் வீடு தெரியும், என்னைத் தெரியும். இவர்களுக்கு, என் வீட்டில் யாருக்கும் தெரியாத என்னைத் தெரியும். இந்த வித்தியாசத்தை நடுவர் கொஞ்சம் குறித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது பேராசிரியர் அம்மாவின் ரெண்டாவது விஷயம். பாடை தூக்குவது.

2011-ல் ஒரு வியாழக்கிழமை ராத்திரி படுத்த அண்ணன் வெள்ளிக்கிழமை காலை எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. நாற்பத்தாறு வயசு. மேல் பெட்டிலிருந்து நான்தான் முதலில் கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமைதானே, தூங்கட்டும் என்று ஒன்பது மணி வரை எழுப்பாமல் இருந்தேன்.

வெளிநாட்டில் செத்தவன் வீடு வந்து சேர எத்தனை காகிதம் தெரியுமா? போலீஸ், ஆஸ்பத்திரி, மரணச் சான்று, விசா கேன்சல், இந்தியத் தூதரக அலுவலகத்தில் கடிதம், பாஸ்போர்ட் ரத்து, பிறகு உடலைப் பதப்படுத்துதல். அந்த இடம் சோனாப்பூரில். இந்திக்காரர்கள் வைத்த பேர், தங்க ஊர் என்று அர்த்தம். துபாயின் பெரிய தொழிலாளர் முகாம்களும் அங்கேதான். பெஷாவர் பாய் அஞ்சு நாள் சவாரி எடுக்காமல் எங்களை ஒவ்வொரு ஆபீஸாக இறக்கிவிட்டு ஏற்றிக்கொண்டிருந்தார்.

அப்போதெல்லாம் உடலுக்கு விமானக் கட்டணம் கிலோ கணக்கு. 2019-ல்தான் ஏர் இந்தியா அமீரகத்திலிருந்து எடை பார்க்காமல் ஒரே கட்டணம் என்று மாற்றியது. கார்கோவில் பெட்டியைத் தராசில் ஏற்றினார்கள். நம்பர் ஓடி நின்றது. நான் அதைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன். பணம் ரூமில் எல்லாரும் போட்டதுதான். மெஸ் நோட்டில் அண்ணன் பேருக்கு நேராகவே எழுதினோம்.

யார் கூடப் போவது? எனக்கு லீவு கிடைக்கவில்லை. இக்காவுக்கு லீவு வர இன்னும் மூன்று மாசம் இருந்தது. அதை முன்னால் இழுத்துக்கொண்டு, மலப்புரத்துக்குப் போகவேண்டிய மனுஷன் திருச்சி விமானத்தில் ஏறினார். அங்கிருந்து ஆம்புலன்ஸில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக முதுகுளத்தூர் ரோட்டைப் பார்த்தார்.

ஊர்க்காரர்கள் வந்தார்கள். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஊர் இளவட்டத்தில் பாதிப் பேர் சவுதியிலும் சிங்கப்பூரிலும். இருந்தவர்கள் வயசானவர்கள். மூன்று தோள் கிடைத்தது. நாலாவதுக்கு ஆள் தேடும்போது இக்கா செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் போய் நின்றாராம். இவர் யார் என்று பெரியவர் ஒருத்தர் கேட்டிருக்கிறார். இக்காவுக்குத் தமிழில் என்ன சொல்வதென்று தெரியவில்லை. "ஒரே ரூம்" என்றாராம்.

பேராசிரியர் அம்மா, அந்த நாலாவது தோள் எந்த ஊர் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், தெரிகிறது. ஒரே ஒரு நிமிஷம். நான் நிரந்தரமாகத் திரும்பிய பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை அண்ணனுடைய அம்மாவைப் பார்க்கப் போகிறேன். முற்றத்தில் கொடி கட்டியிருக்கிறது, அந்த நீல நைலான் கயிறு. நிறம் போய்விட்டது, துணி காய்கிறது. போன தைக்குப் போயிருந்தபோது கிளம்பும் நேரத்தில் ஒரு துணி மூட்டையைக் கையில் கொடுத்தாள். கேழ்வரகு மாவு, என் மகனுக்காம். வாங்கியதுமே கைக்குத் தெரிந்துவிட்டது, ரெண்டு கிலோ. பதினேழு வருஷம் அந்தத் தராசோடு இருந்த கை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி மூட்டையைப் பிரிக்கக் கத்தரிக்கோல் எடுத்தாள். வாங்கி வைத்துவிட்டு, நானே நகத்தால் அவிழ்த்தேன். அரை மணி நேரம் ஆனது.

நன்றி, வணக்கம்.